அறநூலுக்கு இரண்டு நாற்காலி

பட்டிமன்றப் பேச்சாளனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. எந்தப் பக்கம் நாற்காலி போடுகிறார்களோ அதுதான் அவன் கருத்து. மைக் பிடித்துப் பழகிய உங்களுக்கு இது புதிதல்ல. வாரநாட்களில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் எடுத்துக் கொடுப்பவன். லீவு நாளில் மேடை. மூன்று வருடமாக எங்கள் குழுவுக்கு ஒரே தலைப்பு: நம் பழைய அறநூல் இந்து நூலா, பொது நூலா? எந்த அறநூல் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் இரண்டு தரப்பும் சண்டைக்கு வரும், சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இந்தத் தலைப்பால் எனக்குப் பொன்னாடைகள் சேர்ந்தன. ஒரு மீனவக் குடும்பத்துக்கோ ஏரியில் வலை போடும் முறைநாளே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதே வாய்

திருப்பாச்சூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா. எனக்கு ‘இந்து நூலே’ அணி. திருமகளும் மூதேவியும் அந்த நூலில் வருகிறார்களா இல்லையா? தேவர்களின் அரசன் வருகிறானா இல்லையா? ஏழு பிறப்பு யாருடைய பேச்சு? நெற்றி நிறைய விபூதியோடு முழங்கினேன். நல்ல கைதட்டல்.

அடுத்த ஞாயிறு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சங்க ஆண்டு விழா. எனக்கு ‘பொது நூலே’ அணி. இது இன்ன மதம் என்று எங்காவது சொல்லியிருக்கிறதா? கடவுள் வாழ்த்தில் மலர்மேல் நடந்தவர் சமணரின் அருகனாக இருக்கக் கூடாதா? மறுபிறவி சமணத்தில் இல்லையா, பௌத்தத்தில் இல்லையா? அதற்கும் அதே கைதட்டல். கீழே இறங்கியதும் ஒரு ஃபிட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்த ஊர் திருப்பாச்சூராம். முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், போன வாரம் எங்க ஊர்ல துண்ணூறு இட்டுக்கினு பேசுனது நீயா, உன் தம்பியா?”

தீர்ப்பு

தீர்ப்பை நினைத்துத் தூக்கம் கெடும் புதுப் பேச்சாளர்களுக்காக இது. எங்கள் நடுவர் ரிட்டயர்டான தமிழாசிரியர். கோயில் என்றால் இந்தப் பக்கம், சங்கம் என்றால் அந்தப் பக்கம் என்று வேன் ஏறும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு வார விழா. கம்பெனிக்காரர்கள் எந்தப் பக்கம் என்று அவருக்கே பிடிபடவில்லை. மேலாளருக்குப் போன் போட்டு, எந்தத் தீர்ப்பு உங்களுக்குச் சௌகரியம் என்று கேட்டுவிட்டார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் வந்தது: “இந்துவும் வேணாம், ஜெயினும் வேணாம் சார், அந்த புக்ல ஹெல்மெட் பத்தி எதனா இருக்குதா?”

வலை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அம்மன் திருவிழா. அன்றைக்கு எனக்குப் ‘பொது நூலே’ அணி. என் கையில் இருந்த பெரிய ஆயுதம், புலால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம். கிடா வெட்டிக் கும்பிடுகிற நம் சாமிகளுக்கும் இந்த நூலுக்கும் என்ன உறவு, ஒரு சமணத் துறவியைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார் என்று கேட்டேன். வலையில் துடிக்கிற மீனைப் பற்றிக் குரல் உடையச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மீன் பிடிப்பவர்கள் என்பது பேசும்போது என் புத்தியில் ஏறவே இல்லை. கூட்டம் கண்கலங்கியதைப் பார்த்து நடுவர் வேனில் சொன்ன தீர்ப்பையே மாற்றிவிட்டார்; ஜெயித்தோம். பிறகு இலை போட்டு, எறா என்று அவர்கள் சொல்லும் இறால் தொக்கு பரிமாறினார்கள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மாள் கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். பெயர் கன்னியம்மா. அவருடைய மகன் தேசப்பனுக்கு இருபத்தைந்து வயது. திருவிழாவுக்கு மறுநாளிலிருந்து அவன் வலையைத் தொடவில்லையாம். அந்த ஏரியில் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். இவர்கள் முறை அடுத்த புதன்கிழமை. விட்டால் மறு சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அவருடைய கணவரால் தனியாக வலை கட்ட முடியாது. நான் என் வழக்கப்படி, அது சமணக் கருத்து என்று சிலரும் வைதீகத்திலும் உண்டு என்று சிலரும் சொல்வதாக ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்: “எந்த மதமோ எனக்கு இன்னாத்துக்கு சார், நீதான பேசி கெடுத்த, நீயே வந்து எதிர்க்கட்சி பேசிட்டு போ!”

எதிர்க்கட்சி

ஞாயிற்றுக்கிழமை போனேன். தேசப்பன் வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வாதம் தயாராக இருந்தது. புலால் அதிகாரம் துறவிகளுக்கான பகுதியில்தான் இருக்கிறது, நீ குடும்பத்தோடு இருப்பவன், பெற்றவர்களைக் காப்பதுதான் உனக்குச் சொன்ன அறம் என்றேன். வாதம் சரியானதுதான், அதற்கு உரைகளில் ஆதாரமும் உண்டு. அவன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். “அண்ணா, அன்னிக்கு உனக்கு எறா போட்டது நான்தான்,” என்றான்.

இத்தனை வருடத்தில் எந்த மேடையிலும் அப்படி வெட்கப்பட்டதில்லை. நான் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுமா வலையை விட்டாய் என்று கேட்டேன். “சொன்ன ஆளு துன்னா, சொன்னது பொய்யாய்டுமா?” என்றான் அவன்.

கன்னியம்மா கதவோரம் நின்று அழுதார். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். புதன்கிழமை நைனாவோடு போவதாகச் சொன்னான். தொழிலுக்குப் போவேன், ஆனால் இனி மீனை வாயில் வைக்க மாட்டேன் என்றான். அந்த அம்மாளுக்கு அந்த நிமிடமே உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை உட்காரவைத்துத் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும் வைத்தார். மகனுக்கு வெறும் ரசம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேசப்பன் கேலியே இல்லாமல், உபசரிக்கிற குரலில் சொன்னான்: “நீ துன்னு அண்ணா, உனக்குத்தான் ரெண்டு கட்சியும் ஒத்துக்குமே.”

அந்த நூல் யாருக்குச் சொந்தம் என்று மூன்று வருடம் மேடையில் தேடினேன்; அதைச் சொந்தமாக்கிக்கொண்டவன் அன்று திருவிழாப் பந்தியில் எனக்கு எறா பரிமாறிக்கொண்டிருந்தான்.