தாத்தாவோட படம்

என் அம்மாவைப் பெற்றவள் ஓர் ஊமைப் படத்தில் நடித்தவள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பாடிக்கொண்டிருந்த ஒரு கதைப்பாட்டைத்தான் படமாக எடுத்தார்களாம், அவள்தான் கதாநாயகி. அம்மாவைப் பெற்றுப்போட்ட கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். கூத்தாடி என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் அவளுடைய ஒரு போட்டோவைக்கூட மிச்சம் வைக்கவில்லை, பாவிகள். பெற்றவள் முகத்தை அம்மா பார்த்ததே கிடையாது.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் கைவிரித்துவிட்டார். "கண்ணு அவியறதுக்குள்ள ஒரு தடவை அவளைக் காட்டிடுடி." ஸ்ரீரங்கத்து வீட்டில் தினமும் இதே புலம்பல். "நான் எங்கம்மா போவேன்?" என்று எரிந்து விழுவேன். ஆனாலும் தேடினேன். சென்னை, புனே திரைப்படக் காப்பகம் என்று கேட்காத இடமில்லை. அப்படி ஒரு படம் எங்கும் இல்லை என்றார்கள்.

கடைசியில், அதை டென்ட் கொட்டகையில் ஓட்டியவருடைய பேரன் உறையூரில் இருப்பது தெரிந்தது. போன் போட்டேன்.

"உங்க தாத்தாவோட படம் இன்னும் இருக்குங்களா?"

"இருக்குங்களே! பத்திரமா வச்சிருக்கோம். வந்து பாருங்க."

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டும்வரை என் கையை விடவில்லை.

பேரன் எங்களை உட்காரக்கூட விடாமல் கூடத்துச் சுவரைக் காட்டினார். மாலையும் சீரியல் பல்புமாக, பெரிய மீசையோடு அவருடைய தாத்தா. தாத்தாவோட படம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒழுங்காக சினிமா என்று கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

அவரை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஃபிலிம் சுருளா? அடடா, வீடு இடிச்சுக் கட்டறப்ப போகியில போட்டுட்டோங்களே. குப்புனு பத்திக்கிச்சு."

திரும்பினால், அம்மா சுவரோடு ஒட்டி நின்று கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, பூவும் பொட்டுமா எவ்வளவு லட்சணமா இருக்கா!"

மாலையும் கண்ணாடியில் வைத்திருந்த குங்குமமும் மட்டும்தான் அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. பேரன் வாயைத் திறந்தார். அவர் கையை அழுத்திப் பிடித்தேன்.

"என் மூக்குதானே அவளுக்கு?"

"ஆமாம்மா. அச்சு அசல் உன் மூக்கு."

சொல்லிவிட்டேன், படுபாவி.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "போதும்டி. இனிமே கண்ணு போனாப் போகட்டும்."