காயில் இல்லாமல் ஓடிய மில்லிங் மெஷின்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வரும். நான் எலக்ட்ரீஷியன். லைன் இருந்தால் பல்பு எரியும், இல்லாவிட்டால் எரியாது, நடுவில் பேய்க்கு என்ன வேலை? இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு காலையில் நடந்ததை மட்டும் என்னால் இந்தக் கணக்கில் அடைக்க முடியவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, சிரித்துவிட்டே கேளுங்கள்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டி பக்கத்தில் படகு பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் அப்போது எனக்கு வேலை. ஒரு பழைய மில்லிங் மெஷின் இருந்தது, கல்கத்தாவில் ஏலத்தில் எடுத்துக் கப்பலில் வந்தது. அதை ஓட்டுபவன் ஹரிபதா. ஹேவ்லாக் தீவில் குடியேறிய வங்காளிக் குடும்பம். அந்தமானில் எல்லோரையும் போல இந்தியில்தான் பேசுவான், எங்களோடு பழகிப் பாதித் தமிழும் வந்துவிட்டது. என்னை 'பாய்' என்பான், இந்தியில் அண்ணன் என்று அர்த்தம்.

அன்று காலை ஹேவ்லாக்கிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. அவன் பெண்சாதிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். போக ஒரே ஒரு படகு. மற்றது நிக்கோபார் போயிருந்தது. அந்த ஒரு படகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழற்றிக் கரையில் கிடக்கிறது. புது ஷாஃப்ட் தயார், புரொப்பெல்லரை அதோடு பூட்டுகிற சாவி உட்காரும் பள்ளம் மட்டும் மெஷினில் வெட்ட வேண்டும், அரை மணி நேர வேலை. தன் பெண்சாதிக்குப் போகும் படகுக்குத் தானே வெட்டுகிறான் ஹரிபதா.

மெஷின் இரண்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். என்னைக் கூப்பிட்டார்கள். டெஸ்ட் லேம்பை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். மெயின் வருகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஸ்டாப் பட்டன் சரி. கடைசியில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கிற கான்டாக்டரில் மூக்கை வைத்தேன், கருகல் வாசனை. அதன் தகட்டை இழுத்துப் பிடிக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில், எரிந்திருந்தது. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு எந்தக் காயில்தான் நிலைக்கும்? பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்று பெருமையாக இருந்தது. ஆனால் மாற்றுக் காயில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். காயில் போனால் தகட்டை ஒரு காய்ந்த மரக்கட்டையால் கையாலேயே அமுக்கிப் பிடித்து மெஷினை ஓட்டலாம். செய்யக்கூடாது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். ஹரிபதாவுக்கும் தெரியும்.

"மாரியப்பன் பாய், கையாலே அமுக்கிப் பிடி பாய். ஆதா கண்டா, பஸ். அரை மணி போதும்."

"பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமாலே உனக்கு? தரை பூரா மழைத்தண்ணி நிக்கி. நானூத்தி நாப்பது வோல்ட்லே! நான் செத்தா எம் பிள்ளைகளுக்கு எவன் கஞ்சி ஊத்துவான்?"

அவன் என் காலைப் பிடித்தான். நான் காலை உதறிக்கொண்டேன். ஆமாம், உதறினேன், பயம். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

நான் அந்தப் பக்கம் திரும்பினால் இவனே அமுக்கிவிடுவான் என்று சந்தேகம் வந்தது. அதனால் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். எங்கள் வழக்கமே அதுதான், கட்டை நம் பையில் இருந்தால் வேறு எவனும் லைன் போட முடியாது. எரிந்த காயிலையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய சாமானில் இதே அளவு ஏதாவது கிடக்கிறதா பார்க்க ஸ்டோருக்குப் போனேன்.

ஸ்டோர் பின்கட்டில் இருந்தது. தகரக் கூரைமேல் மழை. பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறேன், மழைக்கு நடுவே ஒரு சத்தம். கட்டர் இரும்பை அறுக்கிற சத்தம்! எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷின் அது ஒன்றுதான். வேறு எங்கோ கேட்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேடினேன். சத்தம் நிற்கவில்லை. ஓடினேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிபதா குனிந்து ஷாஃப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் பேனல் கதவு திறந்திருந்தது, அதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. உள்ளே தகடு அமுங்கி இருந்தது. காயில் என் கையில். பைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்று, இரண்டு, மூன்று. நம்பினால் நம்புங்கள்.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் அவன் கையை எடுப்பான், மெஷின் நிற்கும், அப்புறம் ஓடுமோ ஓடாதோ. வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பள்ளம் கடைசி நுனிவரை வெட்டி முடிந்து அவன் கட்டரைத் தூக்கினான். டக்கென்று தகடு விழுந்தது. ஓடிப்போய் டெஸ்ட் லேம்பை வைத்தேன், லைன் உள்ளே வரும் பக்கத்திலேயே ஒரு முனையிலும் உயிர் இல்லை. அதற்குள் அவன் ஷாஃப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் ஓடிவிட்டான்.

அன்று மாலைக்குள் படகு கிளம்பியது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை.

ஒரு மாதம் கழித்து மூவருமாகப் புரோத்ராபூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வாசலிலேயே என் காலில் விழுந்துவிட்டாள். எனக்குக் கூசிப்போயிற்று.

"ஏலே ஹரி, நான் ஒண்ணும் செய்யலைலே. நான் ஸ்டோர்ல இருந்தேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "ஜூட் க்யூன் போல்தா பாய்? எதுக்குப் பொய்? போன, உடனே திரும்பி வந்த. மரக்கட்டை எடுத்து அமுக்கின. முழுக்க உன்னைப் பாத்துப் பாத்துத்தான வெட்டினேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான், பெண்சாதி கேட்கக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ. "நீ அழுத பாய். பயத்துல உடம்பு பூரா நடுங்குது உனக்கு. ஆனா கையை எடுக்கலை."

அவ்வளவு பயந்தவன் நான்தான், அது சரி. ஆனால் நான் ஸ்டோருக்கு ஓடிப்போனேனே.

அன்று பிறந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவாள். என் வலது கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். நானும் நீட்டுகிறேன். இது அந்தக் கை இல்லையம்மா என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.