‘வாறேன்’ என்றால் ஓடிவரும் நாய்

பூதப்பாண்டிப் பக்கம் என்னை ‘நாய் டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். கிளி வளர்ப்பவர்களும் பழக்கிக் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஆனால் கிளி டீச்சர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. அடி கிடையாது, கழுத்தை இறுக்கும் சங்கிலி கிடையாது. சொன்னதைச் செய்தால் பிடித்த தீனி, அவ்வளவுதான் என் பாடம். “அடிக்காம நாய் படிக்குமா?” என்று கேட்பவர்களிடம், “நீங்க சம்பளம் இல்லாம வேலைக்குப் போவியளா?” என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவேன்.

கீரிப்பாறை போகும் ரோட்டோரம் ஒரு வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரைவர், லீவில் வந்திருந்தார். அவர் மனைவி செல்லமாக வளர்த்த கறுப்பு நாட்டு நாய், யார் கிளம்பினாலும் கேட் இடுக்கில் புகுந்து ரோட்டுக்கு ஓடிவிடும். எஸ்டேட் பஸ் வரும் வேகம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“நான் திரும்பிப் போறதுக்குள்ள இது சரியாகணும். இல்லன்னா எஸ்டேட்டுல ஒருத்தன் கேட்டிருக்கான், குடுத்திருவேன். இவ ஒத்தைக்கு ரோட்டுல ஓடிப் பிடிக்க முடியுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மனைவி நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

‘வா’ என்றால் வரவேண்டும், அதுதான் நான் தொடங்கிய பாடம். கூலி, வறுத்த நெத்திலிக் கருவாடு. நல்ல கெட்டிக்கார நாய். எங்கே நின்றாலும் ‘வா’ என்றதும் பாய்ந்து வந்தது. ஆனால் கேட் தாண்டும் வியாதி மட்டும் முன்னைவிட மோசமாகிவிட்டது. நான் கிளம்பினால் என் ஸ்கூட்டரை முந்திக்கொண்டு ரோட்டில் போய் நின்றது. அவமானமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அந்த எரிச்சலில் ஒருநாள், “சரி, நான் போறேன்” என்று எழுந்தேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ அக்கா, போறேன்னு சொல்லாதீங்கோ. வாறேன்னு சொல்லுங்கோ.”

நான் ‘போறேன்’ என்றபோது அசையாமல் கிடந்த நாய், அவள் ‘வாறேன்’ என்றதும் துள்ளி எழுந்து, அவள் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தலையில் அடித்துக்கொண்டேன். கிளியாக இருந்தால் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கும். நாய்க்கு முதல் எழுத்தே போதும். வாசல் தாண்டும் ஒவ்வொருவரும் ‘வாறேன்’ என்று விடைபெற, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பாவம் பின்னாலேயே ஓடியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நான் வேறு கருவாடு போட்டு உரமேற்றியிருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களைப் ‘போறேன்’ என்று சொல்லவைக்க என்னால் ஆகாது, எந்தக் கருவாடும் அதற்குப் போதாது. நாயின் பாடத்தைத்தான் மாற்றினேன். கூப்பிடக் கைதட்டல். ‘வாறேன்’ என்று யார் சொன்னாலும் வாசலோரச் சாக்கில் போய்ப் படுக்கவேண்டும், படுத்தால் நெத்திலி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வேலையும் இல்லாமல் வந்து ‘வாறேன்’ சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே குஷி. வீட்டுக்காரர் மட்டும், “நான் போற அன்னைக்குப் பாப்போம்” என்றார்.

அவர் கிளம்பிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். கார் ரோட்டில் நின்றது, கேட் திறந்து கிடந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு அவர் மனைவியைப் பார்த்து, “வாறேன்” என்றார்.

நாய் நேரே போய்ச் சாக்கில் படுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரோ காரில் ஏறாமல் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏலே, எம் பொறத்தால வரமாட்டியா?” என்றார்.

வால் தரையில் படபடவென்று அடித்தது. ஆனால் வயிறு சாக்கைவிட்டு எழவில்லை. அவர் திரும்பி வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மனைவி கையிலிருந்த நெத்திலியை வாங்கி, ஒவ்வொன்றாகத் தானே ஊட்டினார். “இவன யாருக்கும் குடுக்காண்டாம்” என்றார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கையக் கழுவிட்டு ஏறுங்கோ. ஃபிளைட்டுல கருவாடு நாறும்” என்றாள்.

“நாறட்டு” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.