ஜெயித்தவர் இழுக்கும் ரோலர்

“ஜெயிச்சவங்க எதுக்கு சார் ரோலர் இழுக்கணும்?”

திண்டிவனத்தில் நம் டென்னிஸ் கிளப்பில் சேர்ந்த புதிதில், செயலாளர் லூர்துசாமி சாரிடம் நான் கேட்ட கேள்வி இது. “தோத்தவன் ஏற்கெனவே மனசு கனத்துப் போறான். அவங்கிட்ட இரும்பையும் குடுக்கணுமா வாத்தியாரே?” என்றார். அதே கேள்விக்கு இன்னொருவரிடம், “ஜெயிச்சவனுக்குத்தான் தெம்பு மிச்சம் இருக்குது” என்று சொன்னாராம்.

போன வியாழக்கிழமை விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். பேருந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்றபோது கிளப் தலைவர் ஏழுமலை கூப்பிட்டார். “வாத்தியாரே, லூர்து போய்ட்டான்பா.” பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

இதைப் படிக்கும் கிளப்பின் புதிய உறுப்பினர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். துரைமார் ஆடிய காலத்தில் நம் மண் கோர்ட்டைச் சமன் செய்ய, கூலியாட்கள்தான் அந்த இரும்பு ரோலரை இழுத்தார்கள். கிளப் நம்மவர் கைக்கு வந்ததும், சனிக்கிழமை கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கும் ஜோடிதான் இழுக்க வேண்டும் என்று வழக்கம் வைத்தார்கள். காரணத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் லூர்து சார் ஆளுக்கொரு காரணம் சொன்னார். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் எழுத்தில் இல்லாத எதையும் ஏற்காதவர், எழுதாத இந்த ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

அந்த வழக்கமே போய்விடும் என்ற நிலை ஒருமுறை வந்தது. இரண்டு கோர்ட்டுகளுக்கும் சிமெண்டு போட வேண்டும் என்றார் ஏழுமலை. மல்லாட்டை என்கிற நிலக்கடலை எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து லூர்து சாரின் ஆட்ட ஜோடி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “மழை பேஞ்சா ஒரு வாரம் ஆட முடியல. பசங்கல்லாம் பாண்டிக்குப் போறானுங்க. மண்ணக் கட்டிக்கினு அழுவணுமா?”

“சிமெண்டு போட்டா ரோலர் எதுக்கு? அப்புறம் இந்தக் கிளப்புல நம்ம தாத்தனுங்க வெச்சதுன்னு என்னா இருக்குது?” என்றார் லூர்து சார்.

“உனக்கு மண்ணு மேல ஆசை இல்லய்யா. செயலாளர் நாற்காலி மேலதான் ஆசை.”

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. உறுப்பினர்களும் இரண்டு பெஞ்சுகளில் தனித்தனியாக உட்காரத் தொடங்கினோம். பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. யார் பக்கம் தோற்றாலும் அவர் கிளப்பை விட்டுப் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. வழக்கப்படி ஜோடிகளைச் சீட்டுப் போட்டு எடுத்தபோது, அந்த இருவரின் பெயர்களும் சேர்ந்து வந்தன. முதலில் நடுவில் வந்த பந்தையெல்லாம் இருவருமே விட்டார்கள். போகப்போகக் கால்கள் பழைய இடங்களுக்குத் தாமாகவே போயின. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெயித்துவிட்டார்கள்.

ஏழுமலை துண்டை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். தோற்றவர்களில் ஒருவர் சோடா பாட்டிலோடு கத்தினார்: “தலைவரே, ஜெயிச்சுட்டு எங்க ஓடறீங்க? தோத்திருந்தா எங்களாட்டம் ஜாலியா குந்தியிருக்கலாம்ல!”

ஏழுமலை திரும்பி வந்தார். இருவரும் கைப்பிடியின் இரு முனைகளைப் பிடித்தார்கள். ரோலர் கோணிக்கொண்டு போய் மண்ணைக் கிழித்தது.

“மெதுவா இழுய்யா! என்னா பேஜாரு புடிச்ச ஆளு நீ!” பல வாரங்களுக்குப் பிறகு லூர்து சாரிடம் ஏழுமலை பேசிய முதல் பேச்சு அது.

“கைப்பிடிய ஏன் பாத்துக்கினு இருக்கிற? என் கால பாரு” என்றார் லூர்து சார்.

அதன்பின் ரோலர் நேராகப் போனது. இரண்டாம் சுற்றில் ஏழுமலை, “அந்த நாற்காலிப் பேச்சு தப்புதான்யா” என்றார். “அது கெடக்குது. இந்தப் பக்கம் இன்னும் மேடா இருக்குது, இழு” என்றார் லூர்து சார்.

மறுநாள் பொதுக்குழுவில், சாலையோரக் கோர்ட்டுக்குச் சிமெண்டு போடலாம் என்று முன்மொழிந்தவர் லூர்து சார். மற்றது மண்ணாகவே இருக்கட்டும் என்று சொன்னவர் ஏழுமலை. சிமெண்டில் ஜெயிப்பவர்களும் மண் கோர்ட்டுக்கு வந்து ரோலர் இழுக்க வேண்டும் என்று மட்டும் லூர்து சார் பிடிவாதமாகச் சேர்த்துக்கொண்டார். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. சனிக்கிழமை கிளப்புக்கு வந்தோம். யாருக்கும் ஆட மனமில்லை. ஏழுமலை எழுந்து போய் ரோலரின் ஒரு முனையைப் பிடித்தார்.

“யாருமே ஆடலயே தலைவரே, யாரு ஜெயிச்சதுன்னு இழுக்கறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“லூர்துதான். அவன் முனைய யாரு புடிக்கறீங்க?”

நான் போனேன். கைப்பிடியைப் பார்க்காமல் ஏழுமலையின் காலைப் பார்த்து நடந்தேன். லூர்து சாரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது, மறுமுனையில் இருப்பவரின் காலைப் பார்த்து நடக்கும் அந்த ஒன்றுதான். பள்ளியில் இருந்தவரை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளைச் சமாதானம் பேசச் சொல்ல மாட்டேன். ஒரு பெஞ்சை அடுத்த வகுப்பில் கொண்டுபோய்ப் போடச் சொல்வேன். ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் நடக்காவிட்டால் பெஞ்சு முழங்காலில் இடிக்கும். வாசல் தாண்டுவதற்குள் பேசிவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலும் இடம் மாற்ற வேண்டிய பீரோவோ கட்டிலோ இருக்கும். மறுமுனையைப் பிடிக்க, உங்களோடு பேசாமல் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.