நீல அட்டைக்குள் ஏதென்ஸ்

எண்பதுகளில் டெக்ஸஸில், டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருந்த டெலிபோன் இன்ஜினியர்களிலேயே ஸ்பார்ட்டாவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் என் கணவர்தான். இத்தனைக்கும் அவர் அதைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. எல்லாம் காதில் விழுந்தது. நான் சத்தம் போட்டுப் படிக்கிற ரகம். எங்கள் அபார்ட்மென்ட்டில் அடுப்படிக்கும் வாசல் கதவுக்குமாக நடந்துகொண்டே படிப்பேன். அவர் சோபாவில் உட்கார்ந்து டிவியில் நியூஸ் கேட்க முயற்சி செய்வார். செய்தி வாசிப்பவர் என்னோடு போட்டி போட முடியாமல் தோற்றுப்போவார்.

நான் திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு, மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்கான படிப்பில் சேர ஆசைப்பட்டேன். பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் விசாரித்தேன். அங்கிருந்த கவுன்சலர் அம்மாள் என் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெமிஸ்ட்ரி எல்லாம் போதும், வரலாறோ இலக்கியமோ ஒரு பாடம் குறைகிறது, அதை நல்ல கிரேடில் முடித்துக்கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறோம் என்றாள். மாலை நேரத்தில் நடந்த வகுப்பு ஒன்றே ஒன்றுதான்: பண்டைய கிரேக்க நகர அரசுகளின் வரலாறு. ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதற்கும் ஏதென்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டுப் பணம் கட்டினேன்.

டீச்சர் அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, கிராப்பு வெட்டிய நரைமுடி, காலில் கௌபாய் பூட்ஸ். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாவெறுப்பாகப் போனவளுக்குப் பாடம் பிடித்துப்போனது. கிரீஸ் என்றால் ஒரே நாடு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். நூற்றுக்கணக்கான ஊர்கள், ஒவ்வொரு ஊருக்கும் தனி அரசு, தனிச் சட்டம். ஒரு மலையைத் தாண்டினால் வேறு தேசம். ஏதென்ஸில் ஊர்ப் பதவிகள் பலவற்றுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள். எவனாவது ரொம்ப ஆட்டம் போட்டால், உடைந்த பானை ஓட்டில் அவன் பெயரைக் கீறிப் போடுவார்கள். போதுமான ஓடுகள் சேர்ந்தால் அவன் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் வரக்கூடாது. இதை நான் அடுப்படியில் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த ரூலை நம்ம தமிழ்ச் சங்கத்துல கொண்டுவந்தா டல்லாஸ்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க."

ஸ்பார்ட்டா அப்படியே நேர்மாறு. ஏழு வயதில் பையனை வீட்டைவிட்டுக் கூட்டிப்போய் நாணல் படுக்கையில் படுக்கவைத்து முரடனாக வளர்ப்பார்கள். வளர்ந்து கல்யாணம் ஆனாலும் ஆண்கள் சாப்பாடு மெஸ்ஸில்தான். அங்கே ஒரு கறுப்புக் குழம்பு உண்டு. வெளியூர்க்காரன் வாயில் வைக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் என் கணவர் மூன்று இன்ஜினியர்களோடு இருந்த அபார்ட்மென்ட்டும் ஏறக்குறைய ஸ்பார்ட்டாதான். தரையில் மெத்தை, தினமும் அதே சாம்பார், குறை சொல்கிறவன் மறுநாள் சமைக்க வேண்டும்.

படிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரிவரை நெட்டுரு. கமா, செமிகோலன் சகிதம். அப்படிப் படித்துத்தான் கல்லூரியில் முதலாவதாக வந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார், நான் ஒப்பிப்பேன். ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி பாராவின் தலையிலிருந்து.

பரீட்சை வந்தது. அமெரிக்காவில் விடைத்தாள் அவர்கள் தரமாட்டார்கள். நீல அட்டை போட்ட மெல்லிய நோட்டு ஒன்றைப் புத்தகக் கடையில் நாமே வாங்கிப் போக வேண்டும். நான் முதல் வேலையாக ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டேன். ஏதென்ஸிலும் ஸ்பார்ட்டாவிலும் மக்கள் வாழ்ந்த விதத்தை ஒப்பிடு என்பது கேள்வி. நாலாம் அத்தியாயத்தையும் ஐந்தாம் அத்தியாயத்தையும் அப்படியே இறக்கி வைத்தேன். படங்களுக்கு அடியில் இருந்த வரிகளைக்கூட விடவில்லை. நோட்டு தீர்ந்துபோனதும் எழுந்து நின்று அடிஷனல் ஷீட் கேட்டேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு நீல நோட்டைத் தந்தார். எழுதி முடித்ததும் இரண்டையும் சேர்த்துக் கட்ட நூல் கேட்டேன். என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. தீயணைப்புக்காரர்தான் பையைத் துழாவி ஒரு ரப்பர் பேண்டு கொடுத்துக் காப்பாற்றினார்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் நோட்டு திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை நிறுத்தினார். புத்தகத்தை வைத்துக் காப்பி அடித்ததாகச் சந்தேகப்படுவதாகவும், வியாழக்கிழமை தன் அறைக்கு வரும்படியும் சொன்னார். உறுதியானால் ஃபெயில், அது ரெக்கார்டிலும் ஏறும் என்றார். ரெக்கார்டில் அப்படி ஒன்று ஏறினால் லேப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்தில் இருப்பவளின் பேப்பரை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காதவள் நான். கூட்டிப்போக வந்திருந்த என் கணவரின் காரில் ஏறியதும் அழுதேன், பிறகு திட்டினேன், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

"காப்பி அடிச்சேனாம்! நானு!"

"டென்ஷன் ஆகாத. எக்ஸ்ப்ளெயின் பண்ணா புரிஞ்சுப்பாங்க."

"என்னன்னு எக்ஸ்ப்ளெயின் பண்றது? மனப்பாடம் பண்ணேன்னா அந்தம்மா நம்புவாங்களா?"

"நான் வரேன். டெய்லி உக்காந்து கேட்டவன் நான்தானே."

வியாழக்கிழமை என் கணவர் ஆபீஸில் பர்மிஷன் கேட்டுவிட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். டீச்சரின் அறை முழுக்க சிகரெட் புகை. மேஜைமேல் என் இரண்டு நோட்டுகளும் புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. புத்தகத்தோடு ஒத்துப்போகிற வரிகளுக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தார். என் விடைத்தாளே சிவந்து கிடந்தது. மனப்பாடம் செய்தேன் என்று சொன்னேன். இவ்வளவையும் ஒருவர் மனப்பாடம் செய்ய முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திறங்கள் என்றேன்.

அவர் ஸ்பார்ட்டாவின் மெஸ்ஸைத் திறந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். ஏதென்ஸின் குலுக்கல் முறையைத் திறந்தார், ஒப்பித்தேன். பானை ஓடு, ஒப்பித்தேன். கையில் இருந்த சிகரெட்டை அவர் மறந்தே போனார். ஸ்பார்ட்டாவில் பெண்களுக்கு இருந்த நிலச் சொத்து பற்றிய பாராவில் மட்டும் ஒரு வார்த்தை தடுக்கி நின்றேன். பின்னாலிருந்து என் கணவர் அடங்கின குரலில் எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தவர் நிறுத்தியிருக்கலாம். ஆர்வம் தாங்காமல் அடுத்த மூன்று வரிகளையும் அவரே சொல்லி முடித்தார்.

நீங்களும் இந்த வகுப்பில் இருக்கிறீர்களா என்று டீச்சர் கேட்டார். இல்லை, நான் கணவர் என்றார் இவர், ரொம்ப அடக்கமாக.

டீச்சர் சிரித்தார். அந்த வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ காப்பி அடிக்கவில்லை, அதை நம்புகிறேன் என்றார். அத்தோடு விட்டாரா என்றால், இல்லை. இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும், அதற்கு நான் எப்படி மார்க் போடுவேன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். எதைப் பற்றி என்றேன். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா இரண்டில் நீ எங்கே வாழ விரும்புவாய், ஏன் என்றார். நான் அனிச்சையாகத் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பக்கம் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை இந்த ஒரே கேள்விக்கு எழுது, புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் வந்தாலும் ஃபெயில் என்று டீச்சர் முடித்துவிட்டார்.

மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லாத பரீட்சைக்கு மனுஷி எப்படித் தயாராவாள்? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை நண்பர்கள் வீட்டில் பாட்லக்; ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு போய்ச் சேர்ந்து சாப்பிடுவோம். நான் லெமன் சாதத்தோடு என் கேள்வியையும் கொண்டுபோனேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏதென்ஸ்தான். டெமாக்ரஸி!" என்றார் அந்த வீட்டுக்கார டாக்டர் அங்கிள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அவர் மனைவி உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். "நீ ஸ்பார்ட்டான்னு எழுதும்மா. புருஷனுக்கு மெஸ்ல சோறு. பசங்கள கவர்ன்மென்ட் வளத்துடும். நிலமும் நம்ம பேர்ல. இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்?"

வீடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாயசம் வந்த பிறகுதான் சமாதானம். ஆனால் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. யார் சொன்னதை எழுதினாலும் அதுவும் ஒப்பிப்பதுதான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் என்னைக் காலி வகுப்பறையில் உட்காரவைத்தார். முன்னால் உட்கார்ந்து வேறு எதையோ திருத்திக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் மார்ஜினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. பிறகு அந்த ஊர்களுக்குள் என்னையே நடத்திக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஏதென்ஸில் ஊர்க் கூட்டத்தில் குடிமகன் எவனும் எழுந்து பேசலாம். நான் பேச முடியாது, பெண். நான் வெளியூர்க்காரி வேறு. வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தாலும் வரி கட்டலாம், சண்டைக்குப் போகலாம், கூட்டத்தில் கை தூக்க முடியாது. சரி, ஸ்பார்ட்டாவுக்குப் போவோம் என்றால், அங்கே பெண்களுக்கு நிலமும் உண்டு, துடுக்கும் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர்களை அவ்வப்போது ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள். தங்கவிட்டாலும் வயலில் உழைக்கிற அடிமைகளோடுதான் எனக்கு இடம் கிடைக்கும்.

அதன்பிறகு எழுத ஆரம்பித்தேன். முழு விடையும் ஒன்றரைப் பக்கம்தான். இந்த இரண்டு ஊரிலும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எழுதினேன். எங்கள் ஊரிலும் கேட்டதில்லை. பெண்ணை என்ன படிக்கவைக்கப் போகிறீர்கள் என்று என் அப்பாவைக் கேட்டார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று என் அம்மாவைக் கேட்டார்கள். உங்கள் அமெரிக்காவும் ஒன்றும் உசத்தி இல்லை. விசாவில் எனக்கு டிபென்டன்ட், கணவரை அண்டி இருப்பவள் என்று பெயர், கை தூக்கும் உரிமை இங்கேயும் இல்லை. எனவே ஏதென்ஸும் வேண்டாம், ஸ்பார்ட்டாவும் வேண்டாம். எந்த ஊரில் என்னைக் கேட்கிறார்களோ அந்த ஊரில் இருந்துகொள்கிறேன். இதை எழுதிவிட்டு அடிக்கோடுகூடப் போடாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நோட்டு கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் ஏ கிரேடு. அதன் கீழே, இது புத்தகத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். நான் வராந்தாவில் ஓடினேன். புடவையோடு ஓடினேன்.

காரில் ஏறியதும் ஏ என்றுதான் முதலில் கத்தினேன். என் கணவர் ஹாரனை அடித்துக் கொண்டாடினார். என்னதான் எழுதினே, படி என்றார். ஃப்ரீவேயில் ஏறும்போது உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். வழக்கமாக நடுவில் ஏதாவது சொல்கிறவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மார்க் வாங்குகிற ஜோரில் வீட்டு விஷயத்தை எல்லாம் எழுதிவிட்டோமோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"மாப்பிள்ளை பிடிச்சிருக்கான்னு உன்னை யாருமே கேக்கலையா?"

"இல்லையே."

ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"சரி. இப்ப நான் கேக்கறேன். பிடிச்சிருக்கா?"

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பிடித்திருக்கிறது என்று உடனே சொல்லியிருக்கலாம். ஃப்ரீவேயிலிருந்து இறங்குகிற அடுத்த எக்ஸிட் வரும்வரை அவரைக் காக்க வைத்தேன். ஒருவர் நம்மைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது அவ்வளவு நன்றாக இருந்தது.