வேதவல்லி அக்காவின் கொக்கு மரம்

செய்தியைக் கைப்பேசியில் சொன்னவர் நெசவாளி முனுசாமி. "வேதவல்லி அக்கா பூட்டாங்கபா. காலையில எழுந்துக்கவே இல்ல" என்றவர், மூச்சு வாங்கிக்கொண்டு, "துணி கட்டணும், சீக்கிரம் வா" என்றார். துக்க வீட்டில் என்ன துணி என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். அக்காவை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அவருடைய நாவல்களுக்கெல்லாம் மெய்ப்புப் பார்த்தவன் நான். பக்கத்துக்குப் பக்கம் ஓணானும் கீரியும் கொக்கும் வரும். "கதாநாயகியை மூணு அத்தியாயமா காணோமேக்கா" என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "அவ எங்கயும் போவல. கொக்கு முட்டை பொரியட்டும், வருவா" என்றார். முட்டை பொரிந்த பிறகுதான் வந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மழைக்காலம் முடிந்தால் கொக்குகள் அதில் கூடு கட்டும். அதனடியில்தான் விடியலில் நெசவாளிகள் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டுப் பட்டிழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். எச்சம் விழுந்து பாவு கெட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். மரத்தை வெட்டச் சொல்லித் தெருவே அக்கா வாசலுக்கு வந்தது. முன்னால் நின்றவர் முனுசாமி.

"உங்க பயம் நியாயந்தாம்பா. ஆனா கொக்கு இன்னா பண்ணும்? அதுக்குக் கக்கூஸா கட்டிக் குடுத்துகிறோம்?" என்றார் அக்கா. மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்து, கிளைகளுக்கு அடியில் பழைய போர்வைகளைப் பந்தல் போலக் கட்டினார். திட்ட வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தார். முனுசாமி அதிகம் திட்டினார், அதனால் அதிகம் படித்தார். கொஞ்ச நாளில் மரத்தை மறந்துவிட்டு, நாவலின் முடிவு சரியில்லை என்று சண்டைக்கு வர ஆரம்பித்தார்.

ஒருநாள் போர்வைகள் எல்லாம் ஈரம். அக்கா இருட்டில் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிவிட்டார். விடிந்து பார்த்தால் தலைக்கு மேலே அரக்கு நிறத்தில் அவருடைய கல்யாணப் பட்டு. முனுசாமியின் அப்பா நெய்தது. அதில் வெள்ளை வெள்ளையாக எச்சம். முனுசாமி அழுதே விட்டார்.

"எங்கப்பா நெய்ஞ்ச பட்டு மேலயாக்கா?"

"உன் பாவு தப்பிச்சுதில்ல? உங்கப்பா உன்னைக் காப்பாத்துனாருன்னு நெனச்சுக்க."

அன்றிலிருந்து துணியின் மறுமுனையைப் பிடித்தவர் முனுசாமிதான்.

"வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவையைக் கொஞ்சறது சுலபம். உன் வாசல்ல பேளுறதைக் கொஞ்சிக் காட்டு" என்பார் அக்கா. நானும் முயன்று பார்த்திருக்கிறேன், சுலபமில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், கொக்குகளும் அக்காவுக்காக அழுதன என்றார். குஞ்சுகள் பசிக்குக் கத்தின, அவ்வளவுதான். அக்கா இருந்திருந்தால் மேடையிலேயே திருத்தியிருப்பார். அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இனிமேல் யார் தினமும் துணி கட்டுவது, மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்காவுக்குச் சிலை வைத்துவிடலாம் என்றார். கைதட்டினார்கள்.

முனுசாமி எழுந்தார். "செலை வெச்சா அது தலையிலயும் கொக்கு பேளும். மரத்தைத் தொடாதீங்க. துணியை நாங்க கட்டுறோம்" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு முடிவு செய்யலாம் என்று கலைந்தார்கள்.

நினைவாக எது வேண்டும் என்று அக்கா வீட்டில் கேட்டார்கள். அந்தக் கல்யாணப் பட்டைக் கேட்டு வாங்கினேன். எத்தனை அலசியும் கறை போகவில்லை, போகவும் வேண்டாம். இன்று விடியலில் அதைத்தான் கட்டினோம். ஒரு முனை முனுசாமி கையில், மறுமுனை என் கையில். மேலே குஞ்சுகள், கீழே பாவு. இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா இல்லாததுதான் தாங்கவில்லை.

மரத்தை வெட்ட வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். அக்காவின் புத்தகங்களை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறோம். ஆளுக்கொன்று தயார்.