அப்பாவின் ரப்பர் சப்பாத்து

அம்மன் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, இதை எழுதாமலே பல வருடம் தள்ளிப் போட்டேன்.

போன வாரம் மெர்கோங் கோயிலில் திருவிழாவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பெரியவர், "சப்பாத்த கழட்டுலா தம்பி, சாமி இடம்" என்றார்.

பல வருடங்களுக்கு முன், குருண் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலிலும் இப்படித்தான் திருவிழா. எனக்கு ஒன்பது வயது. மதியம் மழை விட்டிருந்தது. பந்தலில் பல்பு எரியவில்லை என்று, கரண்டு வேலை பார்க்கும் அப்பா ரப்பர் சப்பாத்தோடு வந்தார். நான்தான் கத்தினேன்.

"அப்பா! சப்பாத்தோடயா? ஆத்தா கோவிச்சுக்குவா!"

"சரிங்க பூசாரி" என்று சிரித்துக்கொண்டே கழற்றினார்.

பாட்டு நின்றுவிடும் என்று யாரும் மெயின் சுவிட்சை அடைக்கவில்லை. அப்பா வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வயரைப் பிடித்தார். அவர் விழுந்த பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டு வேலைக்கு சப்பாத்து இல்லாம போக மாட்டாரே, யாரு கழட்டச் சொன்னா?" என்று அம்மா கேட்டு அழுதார்.

"தெரியலம்மா" என்றேன். தெரியாமலே அம்மாவும் போய்விட்டார்.

மெர்கோங்கில் நான் குறுக்கே போய், "கழட்டாத தம்பி. மொதல்ல மெயின அடை" என்றேன். பெரியவர் முறைத்தார். அம்மன் முறைக்கவில்லை என்றே நம்புகிறேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் "சின்னப் பிள்ளைதானே, பாவம்" என்று நினைத்து, நான் கத்தியதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.